கஞ்சி இல்லாத மண்

மில்லில் பாவாடை என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். தறிப் பக்கம் ஒருவர், வாசல் காவலில் ஒருவர், நூலுக்குக் கஞ்சி போடும் பிரிவில் ஒருவர். அடையாளத்துக்காக மூன்றாமவரைக் கஞ்சிப் பாவாடை என்று கூப்பிட்டார்கள். நூல் சுற்றும் பெண்கள் அந்தப் பேரைச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. செய்கிற வேலை பேரோடு ஒட்டிக்கொண்டதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

நெசவுக்குப் போகும் முன் பாவு நூல் முழுவதும் கொதிக்கும் கஞ்சித் தொட்டிக்குள் இறங்கி ஏற வேண்டும். பிறகு சூடான உருளைகள் மேல் ஓடிக் காய வேண்டும். கஞ்சி ஏறாத நூல் தறியில் பக்கத்து நூலோடு உரசும், பிசிறு கிளம்பும், பிசிறும் பிசிறும் கவ்விக்கொண்டு நூல் அறுந்துபோகும். கஞ்சி ஏறிய நூல் எதிலும் சிக்காமல் வழுவழுவென்று தன் பாட்டுக்குப் போகும். பதம் சரியா என்பதைப் பாவாடை விரலில் பார்ப்பார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சொட்டு வைத்துப் பிரித்து, இழை எவ்வளவு நீள்கிறது என்று பார்த்துவிட்டு, "போதும்" என்றோ "இன்னும் கொதிக்கட்டும்" என்றோ சொல்வார். அதற்குமேல் அவரிடம் யாரும் கேள்வி கேட்டதில்லை.

மில் அவருக்குச் சுத்தத்தையும் கற்றுக் கொடுத்திருந்தது. பஞ்சுத் தூசு தீப்பிடிக்கும், இயந்திரத்தை அடைக்கும், நூலைக் கெடுக்கும். ஷிப்ட் முடியும் முன் தன் இடத்தைப் பெருக்கி, கூட்டிய குப்பையை வெளியே கொண்டுபோய்க் கொளுத்திவிட்டுத்தான் கை கழுவுவார். வீட்டிலும் அப்படித்தான். தரையில் ஒரு சருகு கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

எழுபத்து நாலில் மில் ஒரு ஷிப்டை நிறுத்தியது. கணக்கு முடித்து அனுப்பப்பட்டவர்களில் பாவாடையும் ஒருவர். வந்த பணத்தில் முதலியார்பேட்டையிலேயே ஒரு சின்ன ஓட்டு வீடு வாங்கிவிடலாம் என்றாள் அவர் மனைவி அஞ்சலாட்சி. வாடகை வீட்டில் பிறந்து வாடகை வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள்.

"வூடு சோறு போடுமா?" என்றார் பாவாடை. "நெலம் போடும்."

"நீ எந்த நெலத்தக் கண்ட? உங்கப்பன் மில்லு, நீ மில்லு. மல்லாட்டை வேர்ல காய்க்குதா கெளையில காய்க்குதான்னு கேட்டா முழிப்ப."

"கத்துக்க மாட்டனா? கஞ்சி காச்சுறத மட்டும் வயித்துல இருக்கும்போதே கத்துக்கினா வந்தேன்?"

அவள் விட்டுக்கொடுத்தாள். ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். "நெலம் சோறு போடலன்னா, அத வித்து எனக்கு வூடு வாங்கித் தரணும். அப்ப மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு நிக்கக் கூடாது." அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

நிலம் தட்டாஞ்சாவடியில் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் இருந்தது. ஒரு காணி செம்மண், ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். ழான்-மரி என்ற பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரருடையது; ஊரில் அவரை மரியாதையாக முசே என்பார்கள். மகளோடு இருக்கப் பிரான்சுக்குப் போகிறவர், எல்லாவற்றையும் விற்றுக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றி அதாலேயே நிலத்தைச் சுட்டிக் காட்டினார்.

"பாரு பாவாடை, ஒரு மேடு பள்ளம் இருக்கா? நான் பாரீஸ் போயிருந்தப்போ காண்டிராக்டர் வந்து சமப்படுத்திக் குடுத்தான். எனக்கு ஒரு சல்லி செலவில்ல."

"பலகை மாதிரி இருக்குது முசே."

நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. குங்குமத்தைக் கொட்டி மட்டப்பலகையால் தேய்த்துவிட்டது போல, கல் இல்லாமல், களை இல்லாமல், ஒரு புல் இல்லாமல் கிடந்தது. விவசாயி யாராவது கூட இருந்திருந்தால் குனிந்து அந்தப் புல்லைத்தான் தேடியிருப்பான். பாவாடை அதில் பெருக்கிவிட்ட மில் தரையைப் பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது.

முதல் மழைக்குக் கேழ்வரகு விதைத்தார். முளைத்தது. ஒரு சாண் உயரம் வந்ததும் இலைகள் ஓரத்திலிருந்து ஊதாவாக மாறின. வளர்ச்சி நின்றது. அஞ்சலாட்சி வந்து பார்த்துவிட்டு, "உன் பயிரு வெத்தல போட்டுக்கினு நிக்குதே" என்றாள்.

பக்கத்து நிலத்துக்காரர் பக்கிரி வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். விஷயத்தை அவர்தான் சொன்னார்.

"இந்த நெலத்து மண்ணு இங்க இல்லப்பா. அதோ தெரியுது பாரு கம்பெனி, அதுக்குக் கீழ கெடக்குது. பள்ளத்த மேடாக்க இங்கேருந்துதான் லாரி லாரியா அள்ளினாங்க. முழங்கால் ஆழம். உங்கிட்ட இருக்கிறது அடி மண்ணு."

"மண்ணுல மேல் என்னா, அடி என்னா? எல்லாம் செகப்புதான?"

"முசேவும் அதான் கேட்டாரு" என்று பக்கிரி இருமிக்கொண்டே சிரித்தார்.

ழான்-மரி ஏமாற்றவில்லை. அவருக்கும் தெரியாது. கோபிப்பதற்குக்கூட ஆள் இல்லாமல் போனது பாவாடைக்கு.

ஊதா இலையை உரக்கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் பார்த்தவுடன் மணிச்சத்துக் குறைவு என்றார். வேர் இறங்கவும் கதிரில் மணி பிடிக்கவும் பயிருக்கு வேண்டிய சத்து அது. சூப்பர் பாஸ்பேட் போட்டால் சரியாகிவிடும் என்றார். சாம்பல் நிறத்தில் குருணை குருணையாக, நாற்றமில்லாமல், கையில் ஒட்டாமல் இருந்தது அந்த உரம். பாவாடைக்கு அதுவும் பிடித்தது. ஒரு பால் டின்னை அளவாக வைத்துக்கொண்டு, நிலத்தைக் கயிறு கட்டிப் பிரித்து, ஒரு பிடி கூடாமல் குறையாமல் தூவினார்.

கொஞ்ச நாள் பயிர் தெளிந்தது. மறுபடி ஊதா.

அளவு போதவில்லை என்று நினைத்தார். அடுத்த பட்டத்துக்குக் கூட்டிப் போட்டார். கேழ்வரகை விட்டு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டார். செடிகள் குட்டையாக நின்றன. பிடுங்கிப் பார்த்தால் பாதி பொக்கு. அடுத்த பட்டத்துக்கு இன்னும் கூட்டினார். அறுவடை முடிந்ததும் தாள், வேர், கொடி, சருகு என்று ஒன்று விடாமல் வாரிக் கூட்டி, நிலத்தின் ஓரத்தில் குவித்துக் கொளுத்துவார். பிறகு தென்னந்துடைப்பத்தால் ஒரு முறை பெருக்குவார். சாம்பலைக்கூடக் காற்று கொண்டுபோய்விடும்.

"ஏம்பா, இது நெலமா, கல்யாண மண்டபமா?" என்பார் பக்கிரி. "நெலத்தப் பெருக்கறவன நான் பொறந்ததுலேருந்து கண்டதில்ல."

"பூச்சி சேரும்" என்பார் பாவாடை.

பக்கிரிக்கும் அது தவறு என்று தோன்றியதே தவிர, ஏன் தவறு என்று சொல்லத் தெரியவில்லை. சில வருஷத்தில் அவரும் தன் நிலத்தை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார். அங்கே மதில் எழும்பியது.

வீட்டுக்குச் சோறு போட்டது அஞ்சலாட்சிதான். தொழிற்பேட்டையில் ஒரு சோப்புக் கம்பெனியில் அடுக்கிக் கட்டும் வேலைக்குப் போனாள். அந்தக் கம்பெனியின் பின்சுவரிலிருந்து பார்த்தால் நிலம் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் கூட இருக்கும் பெண்கள், "அதோ உங்க வூட்டுக்காரரு தரை தொடைக்கிறாரு" என்பார்கள். அவளும் கூடச் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்ல மாட்டாள்.

இப்படியே பத்து வருஷம் ஓடியது. எண்பத்து நாலில் அந்தச் சோப்புக் கம்பெனிக்காரர்களே கேட்டார்கள். கம்பெனியை விரிவாக்கப் போகிறோம், நிலத்தைக் கொடுக்கிறீர்களா என்று. மானேஜர் அஞ்சலாட்சியிடமே கேட்டுவிட்டார். அன்று அவள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் சொன்னது ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

"எனக்கு முட்டி வலிக்குதுய்யா. எத்தினி நாளைக்கு நின்னுக்கினே சோப்பு அடுக்குவேன்?"

"கொஞ்சம் பொறு. என்னா கோளாறுன்னு ஒருதரம் தெரிஞ்சிக்கினு வந்துடறேன். தெரியாமலே விக்க மனசு வரல."

அவள் பொறுத்தாள்.

மண் பரிசோதனை செய்யும் அரசாங்க அலுவலகத்துக்கு அவர் அதற்கு முன் போனதில்லை. படித்தவர்கள் இடம் என்று தயங்கியிருந்தார். அங்கே வசந்தா என்ற பெண் அதிகாரி இருந்தார், முப்பது வயது இருக்கும். மண்ணை எப்படி எடுத்துவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அவர் சொன்னபடியே இம்மி பிசகாமல் எடுத்துக் கொடுத்தார் பாவாடை. முடிவு வந்த அன்று அந்த அம்மா அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"எத்தனை வருஷமா சூப்பர் போடறீங்க?"

"நெலம் வாங்கினதுலேருந்து."

"நீங்க போட்டதெல்லாம் எங்கேயும் போகலைங்க. மண்ணுக்குள்ளேயேதான் இருக்கு."

அவருக்குப் புரியவில்லை. "இருந்தா பயிரு ஏன் ஊதாவா நிக்குது?"

"உங்க மண்ணு ஏன் சிவப்பா இருக்கு? இரும்பு. அது பொடிப்பொடியா மண்ணு முழுக்கப் படிஞ்சிருக்கு. மணிச்சத்தைக் கண்டா அப்படியே கவ்விப் புடிச்சுக்கும். புடிச்சுதுன்னா லேசுல விடாது. வேர் பக்கத்துல வந்து நின்னாலும் அதுக்குக் கெடைக்காது. நீங்க வேருக்குன்னு போடறீங்க, இரும்பு சாப்பிடுது."

"எல்லா செம்மண்ணுலயும் இரும்புதான இருக்குது? மத்தவங்களுக்கு வெளையுதே?"

"அவங்க மண்ணுல மக்கு இருக்கும். எரு, தழை, பழைய வேரு, எல்லாம் அழுகி மக்கிக் கலந்திருக்கும். அந்த மக்கு இரும்பு மேல மெழுகின மாதிரி படிஞ்சுக்கும். மணிச்சத்து வந்து ஒட்டறதுக்கு இடம் இருக்காது. தண்ணியில கரைஞ்சு வேருக்குப் போயிடும். அந்த மக்கே அழுகும்போது கொஞ்சம் மணிச்சத்தும் குடுக்கும். உங்க மண்ணுல அது இல்லவே இல்லைங்க. மேல் மண்ணோட போச்சு. அதுக்கப்புறமும் சேரலை. தாள் எல்லாம் என்ன பண்ணுவீங்க?"

பாவாடை மேசை மேல் இருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாக ஒட்டிப் பிரிந்தன.

"கஞ்சி" என்றார்.

"என்னங்க?"

"கஞ்சி இல்லாத நூலு மாதிரிம்மா. எல்லாத்தையும் கவ்விக்கும்." பாவு நூலைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல அந்த அம்மா முகம் மலர்ந்தது. பாவாடையின் முகத்தில்தான் மலர்ச்சி இல்லை. முப்பது வருஷம் ஊரான் நூலுக்கெல்லாம் கஞ்சி ஏற்றியவர், தன் நிலத்தில் தானே உண்டான கொஞ்சநஞ்சக் கஞ்சியையும் ஒவ்வொரு அறுவடைக்கும் கூட்டிப் பெருக்கித் தீ வைத்திருக்கிறார்.

"எவ்ளோ போடணும்மா?"

"ஏக்கருக்கு அஞ்சு டன்னு எரு. வருஷா வருஷம்."

"எத்தினி வருஷம்?"

அந்த அம்மா யோசித்தார். "மண்ணுல அது சேர்றதுக்கு ரொம்ப காலம் ஆகுங்க."

"போனது லாரியில. நாலஞ்சு நாள்ல போயிடுச்சு. வர்றதுக்கு?"

வசந்தா முடிவுத் தாளை மடித்து அவரிடம் நீட்டினார். நல்ல அதிகாரி. பொய் சொல்லத் தெரியவில்லை.

பாவாடை எருவுக்கு அலைந்தார். அறுத்த நிலத்தில் ஆட்டு மந்தையை ராத்தங்க விட்டுப் புழுக்கை சேர்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். கிடை போடுவது என்பார்கள். லாஸ்பேட்டைப் பக்கம் மந்தை வைத்திருந்த கோவிந்தராசுவைத் தேடிப் போய்க் கேட்டார்.

"எந்த வழியா ஓட்டியாறது அண்ணே? சுத்திலும் மதில கட்டி வச்சிருக்கானுங்க. ஆடு என்னா சுவரு ஏறிக் குதிக்குமா?"

"நான் வழி கேட்டு வாங்கித் தரேன்."

"வாங்கித் தா. வந்தா மேய என்னா இருக்குது? உன் நெலத்துல ஒரு புல்லக் காட்டு பாக்கலாம். தின்னாத்தான அண்ணே அது போடும்?"

கோவிந்தராசு கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் பிழைப்பு அப்படி. இருக்கிற மண்ணுக்குத்தான் இன்னும் கொஞ்சம் சேரும், இல்லாத மண்ணுக்கு எதுவும் வந்து சேராது என்பதைப் பாவாடை அங்கிருந்து நடந்து வரும்போது புரிந்துகொண்டார்.

நகராட்சிக் குப்பை கேட்டார். வந்து கொட்டினார்கள். பாதி கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக் பையும். பொறுக்கிப் பொறுக்கி விரல் கிழிந்தது. கடைசியில் தவளக்குப்பத்தில் கட்டிக் கொடுத்திருந்த மகள் வீட்டுக்குப் போனார். அங்கே இரண்டு மாடு உண்டு. மகளின் மாமியார் செல்வாம்பாள் சாணியை வரட்டி தட்டி வைத்திருப்பவள்.

"சம்பந்தி வூட்டுக்கு வந்து காப்பி கேப்பாங்க, பலகாரம் கேப்பாங்க" என்றாள் அவள். "நீங்க சாணி கேக்கறீங்க."

"கொஞ்சமா குடுங்க சம்பந்தி. அடுப்புக்குக் கொறையாம."

கொடுத்தாள். சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் மோந்து பார்த்து, "பெரியவரே, மூட்ட எறங்குதா, நீ எறங்கறியா?" என்றான். இரண்டுமே இறங்கின. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளில் போனார். கடலூர் ரோட்டில் கேரியர் நிறைய ஈரச் சாணியோடு வந்து, டவுனுக்குள் நுழைந்து, சர்ச்சுக்குப் போய்வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட, சொட்டச் சொட்டத் தள்ளிக்கொண்டு தட்டாஞ்சாவடி போய்ச் சேருவார். சட்டை மடிப்புக் கலையாமல் மில்லுக்குப் போனவர் அவர்.

நிலம் முழுவதற்கும் காணாது என்று தெரிந்தது. ரோட்டோரம் ஒரே ஒரு பாத்தியைக் குறித்துக்கொண்டார். இரண்டு புடவையை விரித்துப் போட்ட அளவு. பக்கத்தில் குழி வெட்டி, சாணி, சருகு, தாள், வீட்டுக் காய்கறித் தோல் எல்லாவற்றையும் போட்டு மக்கவைத்தார். கம்பெனி வாசலில் உதிரும் தூங்குமூஞ்சி மரத்து இலையைக் கூடையில் அள்ளி வந்தார். மக்கியதைப் பாத்தியில் கொத்திக் கலந்தார். மறுபடியும். மறுபடியும். பதம் பார்க்க ஒரு சிட்டிகை மண்ணை ஈரத்தோடு எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிரிப்பார். முதலில் பொலபொலவென்று செங்கல் தூளாக உதிர்ந்தது. இரண்டாவது வருஷம் நிறம் கறுத்து, விரலில் மெத்தென்று படிந்தது.

அந்தப் பாத்தியில் கேழ்வரகு விதைத்தார். சூப்பர் ஒரு பிடிகூடப் புதிதாகப் போடவில்லை. பயிர் ஊதாவாகவில்லை. பச்சை. கருகருவென்ற பச்சை. கதிர் விரல்களை மடக்கிக்கொண்டு கனத்துத் தொங்கியது. பாத்தியின் விளிம்பைத் தாண்டி ஓரடி தள்ளிப் போட்ட வரிசை எப்போதும் போல் ஊதாவாகக் குறுகி நின்றது.

அஞ்சலாட்சியைக் கூட்டிப்போய்க் காட்டினார். அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, ஒரு கதிரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள்.

"நம்ம நெலமாய்யா இது?"

"நம்மளுதுதான்."

"இதே மாதிரி பூரா நெலத்தயும் பண்ண முடியுமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் அன்று நம்பியிருப்பாள். பதம் வராத கஞ்சியை வந்துவிட்டது என்று சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன்.

"இந்தத் துண்டுக்கே ரெண்டு வருஷம் ஆயிடுச்சு" என்றார். "சாணிக்கு நான் போவாத வூடு இல்ல. இது மாதிரி எத்தினி துண்டு இருக்குதுன்னு நீயே பாரு. அதுவும் ஒருதரம் போட்டா நிக்காது. மக்கு கரைஞ்சிக்கினே இருக்கும், போட்டுக்கினே இருக்கணும். என் ஆயுசுக்கு ஆவாது, அஞ்சலாட்சி."

அவள் கதிரைப் பறிக்காமல் விட்டுவிட்டு எழுந்தாள். "அப்ப வித்துடு" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கேழ்வரகை அறுத்து எடுத்துக்கொண்ட பிறகு, இன்னும் காத்திருந்த சோப்புக் கம்பெனியோடு பத்திரம் முடிந்தது. முதலியார்பேட்டை ஓட்டு வீடுகளின் விலை இதற்குள் எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. ஊருக்கு வெளியே ஒற்றை அறை வீடு ஒன்றுதான் அமைந்தது. வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தது. அஞ்சலாட்சி பால் காய்ச்சிக் குடிபோனாள். கொடுத்த வாக்கின்படி பாவாடை முகத்தைத் தொங்கப் போடவில்லை.

அஸ்திவாரம் தோண்டுகிற அன்று மட்டும் போய் நின்றார். ஆட்கள் ரோட்டோரத்திலிருந்துதான் ஆரம்பித்தார்கள். லாரி நிற்க அதுதான் வசதி. பாத்தியின் மேல் முதல் மண்வெட்டி விழுந்தது. வெட்டியவன் ஆச்சரியப்பட்டு நிமிர்ந்தான்.

"யோவ் பெரியவரே, உங்க நெலமா இது? மத்த எடத்துல கடப்பாறை போட்டாலும் கிண்ணு கிண்ணுன்னுது. இந்த எடம் மட்டும் வெண்ணெ மாதிரி எறங்குதே. என்னா போட்டீங்க?"

"கஞ்சி" என்றார்.

அவர்கள் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். கறுத்த மண்ணும் சிவந்த மண்ணும் ஒன்றாக லாரியில் விழுந்தன. எங்கோ ஒரு குட்டையைத் தூர்க்கப் போகிறது என்று டிரைவர் சொன்னான். எந்தக் குட்டை என்று அவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அஞ்சலாட்சி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"தோண்டிட்டாங்களா?"

"ம். நம்ம பாத்தியில மம்முட்டி நல்லா எறங்குச்சு."

அவள் ஒரு கணம் துடைப்பத்தை நிறுத்தினாள். பிறகு உதிர்ந்த வேப்பிலைகளை மூலையில் குவித்து, மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து உரசினாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வந்தது. சொல்லி, அந்த இலையை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? வாசல்படியில் உட்கார்ந்து, அது எரிந்து முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.